நாளைய நிர்வாகிக்கு ஆண்மையா, பெண்மையா?

கட்டுரைக்குள் நுழைவதற்கு முன் ஒரு சிறு வேலை. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரும் பண்புகள் உங்களுக்கு எந்த அளவிற்குப் பொருந்தும் என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுங்கள். ‘ஒருபோதும் பொருந்தாது’ என்றால் 1. ‘எப்போதும் பொருந்தும்’ என்றால் 7. தன் நம்பிக்கைக்காக வாதாடுதல், எளிதில் முடிவெடுத்தல், துணிந்து இறங்குதல், தலைமையேற்கும் திறன், போட்டி மனப்பான்மை. இவை ஐந்து. அடுத்து, இரக்கம், பிறர் தேவையை உணர்தல், மென்மையாகப் பேசுதல், கடுஞ்சொல் தவிர்த்தல், மனம் புண்பட்டவரைத் தேற்ற முந்துதல். இவையும் ஐந்து. இரண்டையும் தனித்தனியே கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத் துறையில் இரண்டாம் ஆண்டு பயின்றபோது எங்கள் விரிவுரையாளர் இதைப் போன்ற அறுபது பண்புகள் கொண்ட தாளை வகுப்பில் விநியோகித்தார். பெயர் எழுத வேண்டாம், யாரும் யாருடைய தாளையும் பார்க்க வேண்டாம் என்றார். ஆனால் மாணவர்கள் சும்மா இருப்பார்களா? கணக்கிட்டு முடிப்பதற்குள் பக்கத்துத் தாள்களை எட்டிப் பார்த்தாயிற்று. எனக்கு முதல் பட்டியலில் சராசரி 4.2, இரண்டாவதில் 5.6. ‘பெண்மைப் பண்பினர்’ என்ற கட்டத்தில் விழுந்தேன். அதில் எனக்கு வியப்பில்லை. என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பரும் அதே கட்டத்தில்தான் விழுந்தார். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பின் வரிசையிலிருந்து ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சொல்லை இந்த மலரில் எழுத எனக்கு விருப்பமில்லை. தமிழ்ப் பள்ளியின் திடலில் விளையாடிய எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் தமிழ் இயக்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற்கு வேட்புமனு வாங்கத் தொடங்கினார்கள். அப்போது நான் துணைச் செயலாளர். பதவி முடிந்து செல்லவிருந்த தலைவர், “நீ தலைவர் பதவிக்கு நிக்கலாமே, தங்கச்சி” என்றார். சிறிதும் யோசிக்காமல், “அந்தத் திறமை எனக்கு இல்லண்ணா, நான் செயலாளராவே இருந்துக்கறேன்” என்று பதில் சொன்னேன். அன்றிரவு விடுதிக்குத் திரும்பியபோது அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ‘தலைமையேற்கும் திறன்’ என்ற வரிசையில் எனக்கு நானே 3 இட்டிருந்தேன். அதே மாதத்தில்தான் இயக்கத்தின் கலைவிழாவிற்கு மண்டபம் பிடித்து, ஆதரவாளர்களிடம் பணம் திரட்டி, கடைசி நேரத்தில் பேருந்து வராதபோது வேறு பேருந்து ஏற்பாடு செய்து, ஒலிபெருக்கிக்காரரிடம் சண்டையும் போட்டிருந்தேன். அதை ஏன் நான் தலைமை என்று எண்ணவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அளவுகோல் பிறந்த கதை

மனிதரின் ஆண்மை, பெண்மையை அளந்துவிடலாம் என்ற முயற்சி பழையது. 1936இல் லூயிஸ் டெர்மன், கேத்தரின் மைல்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதற்காக ஒரு தேர்வை வெளியிட்டார்கள். அவர்கள் ஒரே கோட்டை வரைந்து ஒரு முனையில் ஆண்மையையும் மறுமுனையில் பெண்மையையும் வைத்தார்கள். அதாவது, ஒருவர் ஒன்றை நோக்கி நகர்ந்தால் மற்றொன்றை விட்டு விலகியே ஆக வேண்டும். துணிச்சல் கூடினால் இரக்கம் குறைய வேண்டும் என்பது போன்ற கணக்கு இது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பலரும் இதையே பின்பற்றினார்கள்.

1974இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாண்ட்ரா பெம் இந்தக் கோட்டை உடைத்தார். ஆண்மைக்கு ஒரு கோடு, பெண்மைக்கு ஒரு கோடு என இரண்டாகப் பிரித்தார். அவருடைய பட்டியலில் இருபது ஆண்மைப் பண்புகள், இருபது பெண்மைப் பண்புகள், எந்தப் பக்கமும் சாராத இருபது பண்புகள் என மொத்தம் அறுபது இருந்தன. எங்கள் வகுப்பிற்கு வந்த தாளின் மூலம் இதுதான். ஒருவர் இரண்டு கோட்டிலும் உயர்ந்த மதிப்பெண் பெறலாம். அப்படிப்பட்டவரை இருபண்பு நிலையினர் எனலாம். அம்மையப்பன் திருவுருவைக் கோயிலில் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது அவ்வளவு கடினமன்று.

முதலில் பெம் இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே பார்த்தார். வேறுபாடு குறைவாக இருந்தால் இருபண்பு நிலை என்றார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டிலும் 6 பெற்றவரும் இரண்டிலும் 2 பெற்றவரும் ஒரே கட்டத்தில் விழுந்தார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜேனட் ஸ்பென்ஸும் அவருடைய குழுவினரும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். பெம் தவற்றை ஏற்று 1977இல் முறையை மாற்றிக்கொண்டார். அதன் பிறகு நான்கு கட்டங்கள் வந்தன: ஆண்மைப் பண்பினர், பெண்மைப் பண்பினர், இரண்டிலும் உயர்ந்தவர், இரண்டிலும் தாழ்ந்தவர்.

உயர்வு, தாழ்வு என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாளை நிரப்பிய கூட்டத்தின் இடைநிலை மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு அதற்கு மேலிருப்பவர் உயர்ந்தவர், கீழிருப்பவர் தாழ்ந்தவர் என்று பிரிக்கிறார்கள். எனவே 4.2 பெற்ற நான் தற்காப்புக் கலைக் கழகத்தினரோடு அமர்ந்து நிரப்பியிருந்தால் ஒரு கட்டத்திலும், கூச்ச சுபாவமுள்ள முதலாண்டு மாணவர்களோடு நிரப்பியிருந்தால் வேறொரு கட்டத்திலும் விழுந்திருப்பேன். என் நண்பர் மடித்து வைத்த தாளும் அப்படித்தான். அது இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் போன்றதன்று. இதை அன்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. அந்த அறுபது பண்புகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் 1970களின் தொடக்கத்தில் பயின்ற ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். ‘அமெரிக்கச் சமுதாயத்தில் இப்பண்பு ஓர் ஆணுக்கு எவ்வளவு விரும்பத்தக்கது, ஒரு பெண்ணுக்கு எவ்வளவு விரும்பத்தக்கது’ என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. அதன்படி அமைந்த பெண்மைப் பட்டியலில் ‘குழந்தைத்தனம்’, ‘எளிதில் ஏமாறுதல்’ ஆகியவையும் இருந்தன! எளிதில் ஏமாறும் பண்புக்கு 7 இட்டுக்கொள்ள எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? பின்னர் வந்த முப்பது பண்புகள் கொண்ட சுருக்கப் பட்டியலில் இவ்விரண்டும் நீக்கப்பட்டன.

பூனைக்குட்டிச் சோதனை

பெம் வெறும் தாளோடு நின்றுவிடவில்லை. 1975இல் வெளிவந்த அவருடைய சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர்களிடம் கேலிச்சித்திரங்களைக் காட்டி எது நகைச்சுவையாக உள்ளது என்று கேட்டார்கள். அதற்கு முன் மற்றவர்களின் தவறான கருத்துகள் காதில் விழும்படி செய்தார்கள். ஊரோடு ஒத்துப் போகிறார்களா, தம் கருத்தைச் சொல்கிறார்களா என்று பார்ப்பதே நோக்கம். வேறொரு கட்டத்தில் ஒரு பூனைக்குட்டியைக் கொடுத்து, அதனோடு எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள் என்று கவனித்தார்கள். இருபண்பு நிலையினர் முதலாவதில் தம் கருத்தில் நின்றார்கள். இரண்டாவதில் பூனைக்குட்டியோடும் மகிழ்ந்து விளையாடினார்கள். ஆண்மைப் பண்பு மட்டும் மிகுந்த ஆண்கள் கருத்தில் நின்றார்கள், ஆனால் பூனைக்குட்டியிடம் அவ்வளவாக நெருங்கவில்லை.

எதிர்பாராத முடிவு ஒன்றும் கிடைத்தது. பெண்மைப் பண்பு மட்டும் மிகுந்த பெண்கள் பூனைக்குட்டியோடு அதிகம் விளையாடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ‘பெண்மை’ என்ற பெயரில் நாம் கருதுவது அன்பையா, அல்லது தாமாக எதையும் தொடங்காத தயக்கத்தையா என்ற ஐயம் எனக்கு இதைப் படித்தபோது எழுந்தது. என் ‘3’ நினைவுக்கு வந்தது.

‘என்னால் முடியும்’ என்பது எங்கிருந்து வருகிறது?

இருபண்பு நிலையே எல்லாவற்றுக்கும் சிறந்தது என்று எழுதி முடித்துவிட்டால் கட்டுரை இனிமையாக இருக்கும். ஆய்வுகள் அவ்வளவு இனிமையாக இல்லை. 1983இல் பெர்னார்ட் விட்லி என்பவர் அதுவரை வந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். ஒருவருடைய தன்மதிப்போடு வலுவாகத் தொடர்புற்றிருந்தது ஆண்மைப் பண்புகளே. பெண்மைப் பண்புகளின் பங்கு மிகக் குறைவாகவே தெரிந்தது. இதற்கு ஒரு காரணம் உண்டு. தன்மதிப்பை அளக்கும் வினாக்களும் ‘என்னால் இயலும்’, ‘நான் திறமையுள்ளவன்’ என்ற தொனியில்தான் இருக்கின்றன. ஆண்மைப் பட்டியலும் அதையே கேட்கிறது. இரண்டும் பொருந்திப் போவதில் வியப்பில்லை. பிற்காலத்தில் ஸ்பென்ஸ் ‘ஆண்மை’, ‘பெண்மை’ என்ற பெயர்களைத் தவிர்த்து, இவற்றைச் செயல்முனைப்புப் பண்புகள், உறவுப் பண்புகள் என்று அழைப்பதே சரி என்று வாதிட்டார். நானும் இனி அப்படியே அழைக்கிறேன்.

உறவுப் பண்பு எப்போது ஒருவருக்குச் சுமையாகிறது என்பதை விக்கி ஹெல்கசன் 1994இல் விளக்கினார். பிறர்மீது அக்கறை கொள்வது வேறு. தன்னை அடியோடு மறந்துவிட்டுப் பிறருக்காக மட்டுமே இருப்பது வேறு. மனவுளைச்சலோடு தொடர்புடையது இரண்டாவதுதான். அதேபோல் தன் காரியம் ஒன்றையே பார்த்துப் பிறரைப் பொருட்படுத்தாத முனைப்பும் ஆபத்தானதே. எல்லாரும் உண்ட பின் சட்டியில் மிச்சமிருப்பதை வழித்து உண்ணும் அம்மாக்களைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். அதைத் தியாகம் என்று மேடையில் புகழ்கிறோம். அந்த அம்மாவின் மகள் விடுதிக்கு வந்து, குழுப் பணியில் ஐவருடைய வேலையையும் தானே செய்து, படைப்பின்போது மட்டும் வேறொருவரைப் பேச விடுகிறாள்.

ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கைக் கோட்பாடு இங்கே நமக்கு உதவுகிறது. ஒரு குறிப்பிட்ட செயலை என்னால் செய்து முடிக்க இயலும் என்ற நம்பிக்கையே ஒருவர் அதில் இறங்குவாரா, இடர் வந்தால் தாக்குப்பிடிப்பாரா என்பதைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். இந்நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது. தானே செய்து வெற்றி கண்ட அனுபவம்தான் இவற்றுள் வலிமையானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது அடுத்தது. பிறர் ஊக்கமாகச் சொல்லும் சொல்லும், அந்நேரத்தில் நம் உடல் காட்டும் பதற்றமும் அமைதியும் மற்ற இரண்டு.

என் கதையை இதில் வைத்துப் பார்த்தேன். செய்து முடித்த அனுபவம் இருந்தது, ஆனால் அதை நான் ‘உதவி செய்தேன்’ என்ற கணக்கில் எழுதி வைத்திருந்தேன். என்னைப் போன்ற ஒருவரைப் பார்த்தேனா? இயக்க அறையின் சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அந்த வரிசையில் அப்போது ஒரு பெண்ணின் படமும் இல்லை. செயலாளர்களின் படத்தை யாரும் மாட்டுவதில்லை.

1981இல் நான்சி பெட்ஸும் கெயில் ஹேக்கெட்டும் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. ஆண் மாணவர்களின் தன்திறன் நம்பிக்கை ‘ஆண் வேலை’, ‘பெண் வேலை’ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. பெண் மாணவர்களின் நம்பிக்கையோ வழக்கமாகப் பெண்கள் செய்யும் தொழில்களில் உயர்ந்தும், ஆண்கள் செய்யும் தொழில்களில் தாழ்ந்தும் காணப்பட்டது. திறமையில் பெரிய வேறுபாடு இல்லாதபோதும் இந்நிலைதான்.

மேலாளர் என்றதும் கண்முன் வருபவர் யார்?

நம்மைப் பற்றி நாம் நினைப்பது ஒரு பாதி. நம்மைத் தேர்ந்தெடுப்பவர்கள் நினைப்பது மறு பாதி. விர்ஜினியா ஷைன் 1973இல் காப்புறுதி நிறுவனங்களின் ஆண் மேலாளர்களிடம் 92 சொற்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்தார். சிலரை ‘பொதுவாக ஆண்கள்’ எப்படி என்றும், சிலரை ‘பொதுவாகப் பெண்கள்’ எப்படி என்றும், சிலரை ‘வெற்றிகரமான நடுநிலை மேலாளர்’ எப்படி என்றும் வருணிக்கச் சொன்னார். மேலாளரின் வருணனை ஆண்களின் வருணனையோடு ஒத்துப்போனது. 1975இல் பெண் மேலாளர்களிடம் கேட்டபோதும் அதே விடை கிடைத்தது. பின்னர் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், சீனா ஆகிய ஐந்து நாடுகளின் நிர்வாகத் துறை மாணவர்களிடம் செய்த ஆய்வின் முடிவு 1996இல் வெளிவந்தது. ஐந்து நாட்டு ஆண் மாணவர்களும் மேலாளரை ஆணாகவே கண்டனர். பெண் மாணவர்களுள் அமெரிக்கர் மட்டும் அப்படிக் காணவில்லை.

கேரி பாவெல், அந்தோணி பட்டர்ஃபீல்ட் இருவரும் வணிகத் துறை மாணவர்களிடம் பெம்மின் பட்டியலைக் கொடுத்து, ‘நல்ல மேலாளரை’ வருணிக்கச் சொன்னார்கள். இருபண்பு நிலை என்ற விடையே வரும் என்று எதிர்பார்த்தார்கள். 1979இல் வெளியான முடிவின்படி மாணவர்களுள் பெரும்பாலோர், ஆணும் பெண்ணும், ஆண்மைப் பண்பினரையே நல்ல மேலாளர் என்றார்கள். வியப்பு என்னவென்றால், 1950களிலேயே ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் தலைமைக்கு இரண்டு கூறுகள் வேண்டும் என்று சொல்லியிருந்தன: வேலையை ஒழுங்குபடுத்துதல், ஊழியர்மீது அக்கறை கொள்ளுதல். பாடநூலில் இரண்டும் அடுத்தடுத்து அச்சாகியிருந்தும் மனத்தில் ஒன்றுதான் பதிந்திருக்கிறது. ஆயினும் காலம் நின்றுவிடவில்லை. இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி 2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, தலைமை என்றால் ஆண்மை என்ற எண்ணம் இன்னும் இருந்தாலும் ஆண்டுக்காண்டு தளர்ந்து வருகிறது என்று காட்டியது. பெண்கள் தங்களுக்கு இட்டுக்கொள்ளும் செயல்முனைப்பு மதிப்பெண்கள் 1970களிலிருந்து உயர்ந்து வந்ததை ஜீன் ட்வெங்கி 1997இல் எடுத்துக்காட்டினார்.

அப்படியானால் பெண்கள் முனைப்பைக் கூட்டிக்கொண்டால் போதுமா? ஆன் ஹாப்கின்ஸின் வழக்கைப் படித்தால் போதாது என்று தெரியும். அவர் அமெரிக்காவின் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்காய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். ஏறத்தாழ 25 மில்லியன் டாலர் மதிப்புள்ள அரசு ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்தவர். 1982இல் பங்காளராக முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவரே பெண். அப்போதிருந்த 662 பங்காளர்களுள் பெண்கள் 7 பேர். அவருடைய உயர்வு ஒத்திவைக்கப்பட்டது. அவர் ஆணைப் போல் நடந்துகொள்கிறார் என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெண்மையோடு நடக்கவும், பேசவும், உடுத்தவும், ஒப்பனையிட்டு நகை அணியவும் அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய எண்ணத்தை வைத்து ஒருவரை மதிப்பிடுவது பாகுபாடே என்று கூறியது. ஓர் ஆண் அவ்வளவு பெரிய ஒப்பந்தத்தைக் கொண்டு வந்திருந்தால் அவர் உரக்கப் பேசியதை யார் குறித்து வைத்திருக்கப் போகிறார்கள்?

இந்த இரட்டைச் சிக்கலை ஆலிஸ் ஈக்லியும் ஸ்டீவன் காராவும் 2002இல் கோட்பாடாக வடித்தனர். மென்மையாக இருக்கும் பெண்ணைத் தலைமைக்குப் போதாதவர் என்கிறார்கள். உறுதியாக இருக்கும் பெண்ணைத் தலைமைக்குத் தகுந்தவர் என்றாலும் பெண்ணுக்கு அழகல்ல என்கிறார்கள். செயலவைக் கூட்டத்தில் ஓர் அக்கா குரலை உயர்த்தினால் பிறகு சிற்றுண்டிச் சாலையில் என்ன பேசிக்கொள்கிறோம் என்பதை நேர்மையாக நினைத்துப் பார்த்தால் போதும். நானும் அப்படிப் பேசியவள்தான்.

நம் மண்ணில்

தொல்காப்பியம் தலைவனுக்குப் பெருமையையும் உரனையும், தலைவிக்கு அச்சம், நாண், மடன் ஆகியவற்றையும் வகுத்தது. களவியலில், அதாவது காதல் வாழ்க்கையைச் சொல்லுமிடத்தில் வருவது அது. அதை எடுத்து அலுவலகத்தில் வைப்பது பொருந்தாது. நிர்வாகத்திற்கு நாம் பார்க்க வேண்டியது திருக்குறளின் அரசியலை. அங்கே ஊக்கமுடைமை ஓர் அதிகாரம்; இடுக்கணழியாமை ஓர் அதிகாரம். இவற்றுக்கு நடுவே அல்ல, இவற்றுக்கு முன்பாகவே கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. இறைமாட்சியில் வள்ளுவர் அரசனிடம் அஞ்சாமையையும் துணிவையும் கேட்கிறார். காண்பதற்கு எளியவனாகவும் கடுஞ்சொல் பேசாதவனாகவும் இருக்கச் சொல்கிறார். கடுஞ்சொல் பேசாமை ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் பட்டியலில் பெண்மைப் பண்பு. வள்ளுவரின் பட்டியலில் அது அரசனின் தகுதி. நம் நாட்டிலும் 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையை எல்லாக் குடிமக்களிடமும் எதிர்பார்க்கிறது. அலுவலகத்தில் நயமாகப் பேசத் தெரியாத ஆண் மேலாளரை மலாய்க்காரர்களும் மதிப்பதில்லை, தமிழர்களும் மதிப்பதில்லை. ஆக, இந்தத் தாளை நாம் நிரப்பும்போது சில பண்புகள் இடம் மாறி நிற்கின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிறு வயதில் எங்கள் தாமானில் ஓர் அத்தை கூட்டுப் பணம் நடத்தி வந்தார். பன்னிரண்டு பேர், மாதம் ஆளுக்கு நூறு வெள்ளி. மாதந்தோறும் ஒருவர் ஆயிரத்து இருநூறு வெள்ளியை எடுத்துக்கொள்வார். (நம் ‘கூட்டு’ என்ற சொல்லே சட்டப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது, 1971ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இதைத் தடை செய்கிறது. அத்தைக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.) ஐந்தாம் மாதமே பணத்தை எடுத்துவிட்ட ஒருவர் எட்டாம் மாதம் கட்டவில்லை. அத்தை அவர் வீட்டிற்குப் போனார். நானும் கூடவே போனேன். சத்தம் போடவில்லை. பிள்ளையின் காய்ச்சலை விசாரித்தார், தேநீர் குடித்தார், கணவரின் வேலையைப் பற்றிக் கேட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. இருட்டும் வரை உட்கார்ந்திருந்து, அறுபது வெள்ளியை வாங்கிக்கொண்டு, மீதிக்கு நாள் குறித்துவிட்டுத்தான் கிளம்பினார். அவர் செய்தது எந்தப் பட்டியலில் சேரும்? முதல் ஐந்திலா, இரண்டாம் ஐந்திலா? அந்த அத்தையிடம் 60 கேள்வித் தாளைக் கொடுத்திருந்தால், ‘எனக்கென்னம்மா தெரியும், நான் படிக்காதவ’ என்று தலைமைத் திறனுக்கு 1 இட்டிருப்பார்.

ராசம்மா பூபாலனின் வாழ்க்கையை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? ஈப்போவைச் சேர்ந்த அவர் 1943இல், 16 வயதில், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அப்படையில் சேர்ந்தவர்களுள் பலர் ரப்பர் தோட்டத்துப் பெண்கள். வீட்டு வாசலைத் தாண்டத் தயங்கியவர்கள் துப்பாக்கி பிடித்தார்கள். போருக்குப் பின் அவர் ஆசிரியரானார். 1960களில் பெண் ஆசிரியர்களின் சங்கத்திற்குத் தலைமையேற்று ஆண்களுக்கு இணையான சம்பளத்திற்காகப் போராடினார். கோலாலம்பூரில் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியராகப் பல்லாண்டு பணியாற்றினார். பண்டூரா சொன்ன ‘செய்து வெற்றி கண்ட அனுபவம்’ ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அண்மைக் காலத்தில் 2007 முதல் 2009 வரை வழக்கறிஞர் மன்றத்திற்குத் தலைமை தாங்கிய டத்தோ அம்பிகா சீனிவாசனை நம் தலைமுறை நன்கறியும். அவர் மேடையில் பேசும்போது குரல் உயராது, கருத்தும் தளராது. செத்தி அக்தார் அசிஸ் 2000 முதல் 2016 வரை நாட்டின் மத்திய வங்கியை நடத்தினார்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. கூட்டரசு அரசமைப்பின் 8(2) பிரிவில் 2001இல் பாலினம் என்ற சொல் சேர்க்கப்பட்டது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் வாரியத்தில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதி பெரிய நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பரிலும் மற்றவற்றுக்கு 2023 ஜூனிலும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் எந்த விதியும் செயலவைக் கூட்டத்தில் குறிப்பெடுக்கும் தாளை யார் பக்கம் தள்ளுவது என்று சொல்வதில்லை.

பயிற்சிக்கு உரியவை

ஆய்வுகளைப் படித்த பின் நான் செய்து பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவது, செய்ததைப் பெயர் சொல்லி எழுதி வைப்பது. ‘கலைவிழாவிற்கு உதவினேன்’ என்பதை அழித்துவிட்டு ‘கலைவிழாவின் செலவுத் திட்டத்தை வகுத்தேன், பேருந்து வராதபோது முடிவெடுத்தேன்’ என்று என் தன்விவரக் குறிப்பில் எழுதினேன். எழுதும்போது கை கூசியது உண்மை. தொழிற்பயிற்சிக்கான நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

இரண்டாவது, நிறுவனங்கள் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்க நடத்தும் குழு உரையாடலைப் பற்றியது. ஆறேழு பேரை ஒரு மேசையில் அமர்த்தி, தலைவர் யார் என்று சொல்லாமல் ஒரு சிக்கலைக் கொடுப்பார்கள். முதலில் உரக்கப் பேசியவருக்கே வெற்றி என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். பேசாதிருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்து அவர் கருத்தைக் கேட்பது, சிதறிய கருத்துகளைத் தொகுத்துச் சொல்வது ஆகியவையும் செய்யலாம். அத்தை தேநீர் குடித்ததைப் போன்றது இது. ஆனால் தேநீரோடு எழுந்து வந்துவிடக் கூடாது. தொகுத்த பின் ‘ஆகவே இதைச் செய்வோம்’ என்ற வாக்கியத்தையும் நாமே சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் பல முறை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

ஆண் நண்பர்களுக்கும் இதில் வேலை உண்டு. பெண் தலைவர்களின் பாணியையும் ஆண் தலைவர்களின் பாணியையும் ஒப்பிட்ட 45 ஆய்வுகளை ஈக்லியும் பிறரும் 2003இல் தொகுத்தார்கள். ஊழியரை ஊக்குவித்து வளர்க்கும் தலைமைப் பாணி பெண்களிடம் சற்றே கூடுதலாக இருந்தது. வேறுபாடு மிகச் சிறியது. அதாவது, ஆண்களால் எட்ட முடியாத ஒன்றன்று அது. ஆனால் அதற்குத் தாளை மடித்து மறைக்காத மனம் வேண்டும், பின் வரிசைச் சிரிப்பும் ஓய வேண்டும்.

தாளை மடித்து வைத்த அந்த நண்பர் இப்போது எங்கள் இயக்கத்தின் விருந்தோம்பல் குழுவிற்குப் பொறுப்பாளர். இயக்க வரலாற்றில் அப்பொறுப்பை ஓர் ஆண் ஏற்பது இதுவே முதல் முறை என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். சென்ற பொங்கல் விழாவில் பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்தது. அதற்கும் அவரே பொறுப்பேற்றுக்கொண்டார். இவ்வாண்டுக் கூட்டத்திற்கான வேட்புமனுப் பாரம் இயக்க அறையில் கிடைக்கிறது. தலைவர் பதவிக்கு என் பெயரை அவர் முன்மொழிந்திருக்கிறார், வழிமொழியும் இடத்தில் ஒரு முதலாண்டுத் தங்கை கையொப்பமிட்டிருக்கிறாள். பாரத்தின் பின்பக்கத்தில் ‘வேட்பாளரின் தலைமை அனுபவம்’ என்று ஐந்து வரி விட்டிருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை, தனித்தாள் இணைத்திருக்கிறேன்.